எடுத்தாச்சு

தெய்வசிகாமணிக்குப் பயப்படுவதுதான் உத்தியோகம். பவுண்டரியில் மற்றவர்கள் இரும்பை உருக்குகிறார்கள், மண்ணைக் கலக்குகிறார்கள், அச்சு அடிக்கிறார்கள். இவர் அத்தனை பேருக்கும் சேர்த்துப் பயந்துவிட்டுச் சாயங்காலம் வீட்டுக்கு வருகிறார். அதற்கு சேஃப்டி ஆபீசர் என்று பேர். தங்கமான மனுஷன்தான், ஆனால் கூட ஒரு நாள் இருந்து பாருங்கள், உயிரை வாங்கிவிடுவார். இன்றைக்குத் தங்கச்சி பேரனின் காதுகுத்தில்கூடச் சும்மா இருந்தாரா? நேரே சமையல்கட்டுக்குப் போய், சிலிண்டரை அடுப்புக்கு இத்தனை பக்கத்திலா வைப்பது என்று ஆரம்பித்து, தங்கச்சி வீட்டுக்காரர் வந்து தோளில் கை போட்டு இழுத்துக்கொண்டு போகும்படி ஆயிற்று. புறப்படும்போது ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்த வசந்தாமணியிடம் முந்தானையைச் சொருகு என்றார், மறுபடியும் சொருகு என்றார். "கலியாணம் ஆன நாள்லருந்து சொருகிட்டேதானுங்க இருக்கறேன், வண்டிய வுடுங்க," என்றாள் அவள். வெயில் மண்டையைப் பிளந்தது, வயிற்றில் பாயசம் கனத்தது, வீட்டுக்குப் போய் ஃபேனுக்கு அடியில் படுத்தால் தேவலை என்றிருந்தது. அந்த நினைப்பில்தான் ரயில்வே கேட் வரைக்கும் வந்தார். கேட் சாத்தியிருந்தது. லாரி ஒன்று, இரண்டு கார், ஏகப்பட்ட பைக். முன்னால் மொபெட்டில் பால்கேனோடு நின்றவர் கேட்கீப்பரைக் கேட்டுவிட்டு வந்து எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார்: "கூட்ஸுங்களாம். கெணத்துக்கடவுல இப்பத்தான் எடுத்தாங்களாம்." சரி, நேரமாகும் என்று சாவியைத் திருப்பி ஸ்கூட்டரை அணைக்கப் போன தெய்வசிகாமணியின் கை அப்படியே நின்றது. எடுத்தாங்களாம். எதை எடுத்தார்கள்? வண்டியை. வண்டியை எடுத்தார்கள் என்றால் வண்டி கிளம்பிவிட்டது, சக்கரம் உருள ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். 

எடுத்தாச்சுங்க சார். திருமூர்த்தி அப்படித்தானே சொன்னான்? குழந்தையை மாமன் மடியில் உட்கார வைத்து, ஆசாரி ஊசியைக் கையில் எடுத்த நேரம், சட்டைப்பையில் போன் அடித்தது. வாட்ச்மேன் ரூம் நம்பர். எலக்ட்ரீசியன் திருமூர்த்தி பேசினான். ஞாயிற்றுக்கிழமை மண் மிக்ஸரைச் சுத்தம் பண்ணுகிற நாள், அதற்கு இவர் அனுமதி வேண்டும், இவர் ஊரில் இல்லை, அதனால் போனில். மண் மிக்ஸர் என்றால் ஆள் உயரத்துக்கு ஒரு இரும்புத் தொட்டி, அதற்குள்ளே செக்கு மாதிரி இரண்டு கனத்த சக்கரம் சுற்றும். வாரம் பூரா அரைத்த மண் ஓரமெல்லாம் கல்லாய் இறுகிக் கிடக்கும். அதைச் சுரண்ட ஒருத்தன் மேல்வாய் வழியாக உள்ளே இறங்கி, அந்தச் சக்கரங்களுக்கு நடுவே உட்கார்ந்துதான் ஆகவேண்டும். ஒல்லியாய் இருப்பவன் நாச்சிமுத்து, அதனால் எப்போதும் அவன். அவன் இறங்குவதற்கு முன்னால் போர்டிலிருந்து ஃபியூஸ் மாட்டிய பீஸ் கட்டை மூன்றையும் பிடுங்கி எடுத்துவிட வேண்டும், கரண்ட் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது, இது இவர் போட்ட சட்டம். கட்டையை எடுத்தாச்சா என்றுதான் இவர் கேட்க நினைத்தார். நினைத்தது வேறு, வாயில் வந்தது வேறு. அந்த நேரம் பார்த்து ஊசி இறங்கியது, குழந்தை வீல் என்று கத்தியது, இவர் ஒரு காதைப் பொத்திக்கொண்டு "எடுத்தாச்சா?" என்று மட்டும் கத்தினார். "எடுத்தாச்சுங்க சார்." "அப்பச் சரி, நாச்சிமுத்துவ எறங்கச் சொல்லு." அவ்வளவுதான் பேச்சு. போனைப் பையில் போட்டுவிட்டுக் குழந்தையைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தார்.

திருமூர்த்தி புதுசு. சேர்ந்து ஒரு மாசம் இருக்குமா? அதற்கு முன்னால் ஸ்பின்னிங் மில்லில் இருந்தான். மில்லில் கட்டையைக் கழட்டு என்பார்கள். எடு என்றால் அங்கே மோட்டாரை எடு, ஓட்டு என்று அர்த்தம். இங்கே மட்டும் என்ன? மோட்டார் எடுக்கலீங்க, பெல்ட் லூசு என்று போன வாரம்கூட ஒருத்தன் வந்து நிற்கவில்லையா? அதிலும் சுத்தம் பண்ணுவதற்கு முன்னால் மிக்ஸரை ஒரு தடவை வெறுமனே ஓட்டுவது வழக்கம், ஒட்டியிருக்கிற பொலபொலப்பெல்லாம் உதிரட்டும் என்று. அப்போ அவன் எதை எடுத்தாச்சு என்றான்? கட்டையையா, மோட்டாரையா? அட முருகா, ஒரே வார்த்தை, அதில் ஒரு பக்கம் நாச்சிமுத்து வீட்டுக்குப் போவான், மறுபக்கம் போகமாட்டான், நான் அதைக் காதிலே வாங்கிக்கொண்டு பந்தியில் போய் உட்கார்ந்தேன். இல்லை, இல்லை, மோட்டார் ஓடிக்கொண்டிருந்தால் எவனாவது உள்ளே இறங்குவானா? கண்ணு இல்லையா? ஓட்டிவிட்டு நிறுத்தியிருப்பான். நிறுத்தியிருப்பான், ஆனால் கட்டை? கட்டை போர்டிலேயே இருக்கும். பச்சை பட்டனை ஒருத்தன் அமுக்கினால் போதும். சும்மா சாய்ந்தால்கூடப் போதும். சார் எறங்கச் சொல்லிட்டாருப்பா என்று அவன் சொல்லியிருப்பான், சாரே சொல்லிட்டாருல்ல என்று நாச்சிமுத்து வேட்டியை மடித்துக் கட்டியிருப்பான். நான் சொன்னேன். நான்தான் சொன்னேன். பின்னாலிருந்து வசந்தாமணி, "ஏனுங்க, வண்டிய அணைக்கலீங்களா? பெட்ரோல் சும்மாவா ஊத்தறாங்க?" என்றாள். சாவியைத் திருப்பினார். 

வாட்ச்மேன் ரூமுக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடு, எடு என்று முணுமுணுத்தார், முணுமுணுத்துவிட்டுத் திடுக்கிட்டார், இதற்கும் அதே வார்த்தைதானா? உலகத்தில் எல்லாவற்றையும் எடுக்கவே செய்கிறோமா? போனை எடு, வண்டியை எடு, கட்டையை எடு, உசுரை எடு. கடைசியில் மாரப்பன் எடுத்தார். வாட்ச்மேன் மாரப்பனுக்கு ஒரு காது மந்தம், இன்னொரு காதும் சுமார்தான். "மாரப்பண்ணே, மிக்ஸர் ஓடுதா?" "ஆருங்க?" "நான் சிகாமணி பேசறேன். உள்ள மிஷின் ஓடுதா, சத்தம் கேக்குதா?" "சத்தமுங்களா? கேக்குதுங்க. ஓடிட்டுத்தானுங்க இருக்குது." "எதுண்ணே ஓடுது, எது?" "அதெனக்கெப்படித் தெரியுமுங்க, உள்ளார எதோ ஓடுதுங்க. இருங்க, பாத்துட்டு வாறனுங்க." "போய் நிறுத்தச் சொல்லுங்க! எல்லாத்தையும் நிறுத்தச் சொல்லுங்க!" டொக் என்று ரிசீவரை மேசையில் வைக்கிற சத்தம் கேட்டது. செருப்பை இழுத்துக்கொண்டு மாரப்பன் போகிறது கேட்டது. அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. லைன் மட்டும் திறந்து கிடந்தது. மாரப்பனுக்கு முழங்கால் வலி, ஷெட் வரைக்கும் போகவே யுகமாகும். சரி, போகட்டும், போய்ச் சொல்லட்டும். சொன்னதும் யாராவது ஓடிப்போய்ச் சிவப்பை அமுக்குவார்கள். யார்? திருமூர்த்தி இல்லாவிட்டால்? மாரப்பனே அமுக்குவாரா? அவர் ஷெட்டுக்குள் போகிற ஆள் இல்லை, போர்டைப் பார்த்தே இருக்கமாட்டார், சார் நிறுத்தச் சொன்னாரே என்று எதையாவது அமுக்கிவைத்தால்? சிவப்பும் பச்சையும் பக்கத்துப் பக்கத்தில், மண் அப்பி ஒரே நிறமாக இருக்கும். ஐயோ, சும்மா நின்றிருந்த மிஷினை நானே ஆள் அனுப்பி ஓட்டச் சொல்லிவிட்டேனா? "அண்ணே! மாரப்பண்ணே! வேண்டாம், திரும்பி வாங்க!" என்று போனில் கத்தினார். பால்காரர் திரும்பிப் பார்த்தார். வசந்தாமணி இறங்கி முன்னால் வந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"என்னாச்சுங்க? மூஞ்சி இப்படி வெளுத்துக் கெடக்குது? பாயசம் ஒத்துக்கலீங்களா?" சொன்னார். எடுத்தாச்சு என்றதும், எறங்கச் சொன்னதும், ஓடுகிற சத்தமும், எல்லாம் முன்னும் பின்னுமாகச் சொன்னார். நாச்சிமுத்து சம்சாரத்தை அவளுக்குத் தெரியும், மாரியம்மன் நோம்பிக்குப் பூவோடு என்கிற தீச்சட்டி எடுக்கையில் இரண்டு பேரும் ஒன்றாக நடந்தவர்கள். "அந்தப் பையனுக்கே நேரா அடிச்சுப் பாருங்களே, அந்த எலக்ட்ரீசியனுக்கு," என்று தன் போனை நீட்டினாள். தன் போனை வலது காதில் வைத்தபடியே அவள் போனில் திருமூர்த்தி நம்பரை அழுத்தி இடது காதில் வைத்தார். இடது காதில் மணி போயிற்று. அதே நேரம் வலது காதில், திறந்து கிடந்த லைன் வழியாக, எங்கேயோ தூரத்தில் ஒரு நாதஸ்வரம் கேட்டது. முதலில் புரியவில்லை, காதுகுத்து வீட்டு மேளம்தான் இன்னும் காதில் நிற்கிறது என்று நினைத்தார். அப்புறம் புரிந்தது. அது திருமூர்த்தியின் போன். வாட்ச்மேன் ரூமில் மரப்பெட்டிக்குள் கிடந்து பாடுகிறது. மிஷின் பக்கம் போகிறவன் எவனும் போனைக் கையில் வைத்திருக்கக் கூடாது, எல்லோரும் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும், கவனம் சிதறினால் கை போய்விடும். அந்தச் சட்டத்தைப் போட்டது யார்? இவரேதான். அதற்காக முதலாளி கைகொடுத்துப் பாராட்டினார். நாதஸ்வரம் பாடி ஓய்ந்தது. நாச்சிமுத்து நம்பரை அழுத்தினார். அதே பெட்டிக்குள்ளிருந்து இப்போது ஒரு கோழி கூவியது. அவன் மகள் அப்படி வைத்துக் கொடுத்திருக்கிறாள் போல. கோழி கூவிக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை, தெய்வசிகாமணி இரண்டு காதிலும் போனை வைத்துக்கொண்டு வெயிலில் நின்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

நடந்திருந்தால் எப்போது நடந்திருக்கும்? போன் வந்தது பந்திக்கு முன்னால். இறங்கத் தயாராகிறதுக்குக் கொஞ்ச நேரம். அப்படியானால் இலை போடும்போது அவன் உள்ளே போயிருப்பான். நான் பாயசம் இரண்டாம் தடவை வாங்கிய நேரத்தில் நடந்திருக்கும். இன்னும் கொஞ்சம் வுடு கண்ணு, முந்திரியாப் பாத்து வுடு என்று கேட்டேனே, அப்போது. தூ. இல்லை, அப்படி ஏதாவது ஆகியிருந்தால் இந்நேரம் எனக்குப் போன் வந்திருக்காதா? வந்திருக்கும். வரவில்லை, அதனால் ஒன்றும் ஆகவில்லை. எனக்கு எவன் பண்ணுவான், ஆஸ்பத்திரிக்கு அடிப்பான், முதலாளிக்கு அடிப்பான், அந்த நேரத்தில் சேஃப்டி ஆபீசரை எவனுக்கு ஞாபகம் வரும்? ஆபத்து அட்டவணையில் இந்த வேலைக்கு எவ்வளவு போட்டிருக்கிறேன்? மிக்ஸருக்குள் இறங்குதல். நடக்க வாய்ப்பு எவ்வளவு: ஒன்று. நடந்தால் விளைவு எவ்வளவு: ஐந்து. பெருக்கினால் ஐந்து. ஐந்து என்றால் பச்சைக் கட்டம், பயப்பட வேண்டியதில்லை. பச்சை அடித்துச் சுவரில் ஒட்டியிருக்கிறது. கட்டையைப் பிடுங்கிய பின்னால் எப்படி நடக்கும், நடக்கவே நடக்காது, அதனால் ஒன்று. காதுகுத்துக் குழந்தை கத்தும் என்று அட்டவணையில் எங்கே எழுதுவது? ஒரு வார்த்தைக்கு ரெண்டு அர்த்தம் என்று எந்தக் கட்டத்தில் போடுவது? ஒன்று என்றால் என்ன, ஒரு ஆள்தானே, அந்த ஒரு ஆள் நாச்சிமுத்து. முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்த ரைஸ்மில்லில் ஒருத்தர் தோளில் போட்டிருந்த துண்டு பெல்ட்டில் மாட்டியது. ஆளைப் பற்றி இவருக்கு இப்போது எதுவுமே ஞாபகமில்லை, முகம்கூட இல்லை. எல்லோரும் ஓடிவந்து தூக்கிக்கொண்டு போன பிறகும் அந்தத் துண்டு மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது, நிறுத்த வேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. சிவப்புக் கரை போட்ட துண்டு. அன்றைக்குப் பிடித்த பயம், அதையே உத்தியோகமாக்கிக்கொண்டார். பயந்துகொண்டே இருந்தால் ஒன்றும் ஆகாது என்று ஒரு நம்பிக்கை. இன்றைக்கு ஒரே ஒரு வேளை பயப்படாமல் சாப்பிட உட்கார்ந்தார், அவ்வளவுதானே செய்தார்?

கூட்ஸ் இன்னும் கண்ணுக்கே தெரியவில்லை. இரண்டு பேர் சைக்கிளைச் சாய்த்துக் கேட்டுக்கு அடியில் நுழைந்து அந்தப் பக்கம் போனார்கள். வேறு நாளாயிருந்தால் அவர்களை நிறுத்தி வைத்துக் காச்சியிருப்பார், வீட்ல பொண்டாட்டி புள்ளை இல்லையாப்பா என்று ஆரம்பித்திருப்பார். இப்போது அவர்கள் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பக்கமும் பைக்குகள் நிற்கின்றன. குனிந்து போய், அண்ணா, கொஞ்சம் பவுண்டரி வரைக்கும் கொண்டுபோய் விடுங்க, ஒரு உசுருங்க என்று கேட்டால் விடமாட்டார்களா? தண்டவாளம் எத்தனை அகலம், பத்தடி இருக்குமா? நடக்க வாய்ப்பு ஒன்று. விளைவு ஐந்து. பச்சை. ஸ்கூட்டரை ஸ்டாண்ட் போட்டு நிறுத்திவிட்டுப் போனார். குனிந்தார். இடுப்பு பிடித்தது, கம்பிக்கு அடியில் தலை போய்விட்டது, முழங்கையும் போய்விட்டது. யாரோ "ஏனுங்க பெரியவரே" என்று கத்தினார்கள். வளைவுக்கு அந்தப் பக்கமிருந்து ஹார்ன் வந்தது, நீளமாக, நிற்காமல். போய்விடலாம், இன்னும் போய்விடலாம் என்று கால் சொன்னது. பின்னாலிருந்து சட்டை இறுகியது. வசந்தாமணி காலரைக் கொத்தாகப் பிடித்திருந்தாள், காதுகுத்து வீட்டில் கொடுத்த பை கீழே விழுந்து ஆரஞ்சு உருண்டுகொண்டிருந்தது. "என்னையும் சேத்துப் பலி குடுக்கறீங்களா? என்ன மனுசனுங்க நீங்க? ஊருக்கெல்லாம் புத்தி சொல்லிட்டு!" என்றாள். கோபமாகத்தான் சொன்னாள், காலரை மட்டும் விடவில்லை. அவர் பின்னுக்கு வந்தார். அவளும் அவரும் ரோட்டில் உட்கார்ந்து ஆரஞ்சைப் பொறுக்கினார்கள். பொறுக்கும்போதே அழுகை வந்தது, வெயிலுக்குக் கண்ணைக் கசக்குகிறவர் மாதிரி கசக்கிக்கொண்டார்.

கூட்ஸ் வந்தது. மெல்ல வந்தது, அதுதான் கொடுமை, எக்ஸ்பிரஸ் என்றால் படபடவென்று போய்த் தொலையும். வலது காதில் போனை வைத்து அழுத்தினார். சக்கரச் சத்தம் போனுக்குள்ளும் புகுந்தது, இது ரயில் சக்கரமா இல்லை அந்தச் சக்கரமா என்று பிரிக்க முடியவில்லை. கடகட, கடகட. பெட்டிக்குப் பெட்டி ஒரே மாதிரி, மூடிய பெட்டி, உள்ளே என்ன இருக்கிறதோ. நாச்சிமுத்துவின் முகத்தை ஞாபகப்படுத்திப் பார்த்தார். வரவில்லை. தினமும் பார்க்கிற முகம், வணக்கமுங்க சார் என்று தலையை ஒரு பக்கமாகச் சாய்க்கிற முகம், வரமாட்டேன் என்றது. ரைஸ்மில்லுக்காரர் முகம் போன மாதிரி இதுவும் போய்விட்டதா, அதற்குள்ளாகவா? அவனுக்கு என்னவெல்லாம் தெரியும், என்ன பிடிக்கும்? ஒரு தடவை கேட்டான், ஏனுங்க சார், எதுக்குங்க இப்படிப் பயப்படறீங்க, எனக்கு வராத பயம் உங்களுக்கு எப்படிங்க வருதுன்னு. உனக்கு வராததனாலதாம்ப்பா எனக்கு வருது என்று இவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நான் உங்ககிட்டக் குடுத்துட்டனுங்க சார் அதை, நீங்களே வெச்சுக்கங்க என்றான். விளையாட்டாகத்தான் சொன்னான். அன்றைக்கு அது விளையாட்டாகத்தான் இருந்தது. சாமி, முருகா, மருதமலைக்கு நடந்தே வர்றேன், மொட்டை போடறேன், அவன் ஒரு விரல்கூடப் போகாம வெளிய வரணும். விரல் போனாலும் பரவாயில்லை, ஆள் வரணும். கை போனாலும்... சீ, என்ன பேரம் பேசறேன், யார் கையை யாருக்குக் குடுக்கறேன் நான். கடைசிப் பெட்டி போயிற்று. போனில் லைன் இன்னும் திறந்தே கிடந்தது, மாரப்பன் திரும்பி வரவே இல்லை.

கேட் ஏறியதும் அவர் ஓட்டிய ஓட்டம் இருக்கிறதே, அதை அவரே பார்த்திருந்தால் லைசென்ஸைப் பிடுங்கியிருப்பார். லாரிக்கு இடப்பக்கம் நுழைந்தார், ஸ்பீடு பிரேக்கரில் பறந்தார். "என்னைய எங்கயும் எறக்க வேண்டாம், நேரா அங்கயே போங்க," என்று வசந்தாமணி இடுப்பைக் கட்டிக்கொண்டாள். முந்தானை காற்றில் பறந்துகொண்டிருந்தது, அவர் கவனிக்கவில்லை. பவுண்டரி ரோட்டில் திரும்பும்போது, வாசலில் ஆம்புலன்ஸ் நிற்கும், ஆட்கள் கூட்டமாய் நிற்பார்கள், தன்னைப் பார்த்ததும் வழி விடுவார்கள் என்று நினைத்தார். ஒருத்தரும் இல்லை. ஒருத்தரும் இல்லாதது அதைவிடப் பயமாக இருந்தது. எல்லோரும் எங்கே போனார்கள், எங்கே தூக்கிக்கொண்டு போனார்கள்? வாட்ச்மேன் ரூம் மேசையில் ரிசீவர் மல்லாந்து கிடந்தது. மாரப்பனைக் காணோம். வசந்தாமணியை வாசலிலேயே விட்டுவிட்டு ஷெட்டுக்குள் ஓடினார். ஓடுகிற சத்தம் இருந்தது, அது கம்ப்ரஸர். கம்ப்ரஸர்தான், கம்ப்ரஸர்தான் என்று வாய் விட்டுச் சொல்லிக்கொண்டே போனார். மிக்ஸர் நின்றிருந்தது. நின்றிருந்தால் என்ன, இப்போது நிற்கிறது, முன்னால் ஓடி நின்றிருந்தால்? அடியில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. போர்டைப் பார்த்தார். பீஸ் கட்டை மூன்றும் வெள்ளை வெளேரென்று அந்தந்த இடத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தன. ஒன்றைக்கூட யாரும் எடுக்கவில்லை.

மூன்றையும் பிடுங்கினார். எப்படிப் பிடுங்கினார் என்று தெரியாது, உள்ளங்கையில் ரத்தம் வந்தது. அப்புறம் மிக்ஸர் பக்கம் போக வேண்டும், கால் போகவில்லை. ஏணியில் இரண்டு படி ஏறினால் உள்ளே தெரியும். ஏறாமல் கீழே நின்றே கூப்பிட்டார், கம்ப்ரஸர் சத்தத்தில் அவருக்கே கேட்கவில்லை. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு ஏறினார். திறந்தார். சக்கரத்தில் முதுகைச் சாய்த்துக் காலை நீட்டிக்கொண்டு நாச்சிமுத்து சுரண்டிக்கொண்டிருந்தான். தலையெல்லாம் கறுப்பு மண், பல் மட்டும் வெள்ளை. வெளிச்சம் மறைவதைப் பார்த்து நிமிர்ந்தான். "அட, வாங்க சார். காதுகுத்து நல்லாருந்துதுங்களா? கொழந்தை ரொம்ப அழுதுச்சுங்களா?" என்றான். "மேல வா," என்றார் தெய்வசிகாமணி. "இன்னுங் கொஞ்சந்தானுங்க சார், இந்த மூலை..." "மேல வாடா!" இத்தனை வருஷத்தில் அவர் ஒருத்தனையும் டா போட்டதில்லை. அவன் சுரண்டியைக் கீழே போட்டுவிட்டு மேலே வந்தான். அதற்குள் டீக்கடையிலிருந்து திருமூர்த்தி வந்தான், அவனைத் தேடிக்கொண்டு போயிருந்த மாரப்பனும் பின்னால் நொண்டிக்கொண்டு வந்தார், அச்சு அடிக்கிற இடத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு மூன்று பேரும் வந்தார்கள். "எடுத்தாச்சுன்னியேப்பா," என்றார் தெய்வசிகாமணி. "ஆமாங்க சார், நீங்க கேக்கறப்ப மோட்டாரை எடுத்தாச்சுங்க. நல்லா ஒரு ஓட்டு ஓட்டி நிறுத்திட்டுத்தானுங்க அண்ணனை எறக்குனேன். நீங்களும் எறங்கச் சொல்லிட்டீங்களே," என்றான். அவன் முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை. அப்புறம்தான் அவர் கையில் இருந்ததைப் பார்த்தான். போர்டைப் பார்த்தான், நாச்சிமுத்துவைப் பார்த்தான்.

நாச்சிமுத்துதான் முதலில் மேலெல்லாம் மண்ணைத் தட்டிக்கொண்டு, "ஒண்ணும் ஆகலைல்லீங்க, வுடுங்க சார்," என்றான். சொன்னானே தவிர மறுபடியும் உள்ளே இறங்க அவன் ஏணியில் கால் வைக்கவில்லை. பிறகு மிச்சம் மூலையையும் வெளியிலிருந்தே நீளக் கம்பி விட்டுச் சுரண்டினார்கள். அது முடிகிற மட்டும் தெய்வசிகாமணி போர்டுக்கு முன்னால் நின்றார், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. திருமூர்த்தி பக்கத்தில் வந்து, "முடிஞ்சுதுங்க சார். கட்டையைக் குடுங்க, ஒரு தடவை ஓட்டிப் பாத்துட்டு வீட்டுக்குப் போலாமுங்க," என்றான். இந்தத் தடவை ஓட்டி என்றுதான் சொன்னான். அவர் கட்டையைக் கொடுக்கவில்லை. மூன்று கட்டையையும் இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார், விரலைப் பிரிக்க முடியவில்லை, பிரிக்க வேண்டும் என்றுதான் அவரும் நினைத்தார். "உள்ள யாராச்சும் இருக்காங்களா, பாரு," என்றார். "உள்ள இருந்தது நாந்தானுங்க சார். நான் இங்கதானுங்க நிக்கறேன்," என்றான் நாச்சிமுத்து. "பாருன்னா பாரு." நாச்சிமுத்து அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். அப்புறம் மறுபேச்சுப் பேசாமல் ஏணியில் ஏறி, தொட்டிக்குள் தலையை விட்டு, இந்த ஓரம், அந்த ஓரம், சக்கரத்துக்கு அடியில் என்று நன்றாகப் பார்த்துவிட்டு இறங்கி வந்தான். "ஒருத்தருமில்லீங்க சார்," என்றான். "நானும் இல்லீங்க." அடக்கிவைத்திருந்த சிரிப்பு எல்லோருக்கும் வெடித்து வந்தது, மாரப்பன்கூட எதற்கென்று தெரியாமல் சிரித்தார். தெய்வசிகாமணி மட்டும் சிரிக்கவில்லை.

"இன்னொரு தடவை பாரு," என்றார்.